ஊர் மாறும் அப்பா, ஊர் மாறும் அம்மா: விவாகரத்துக்குப் பிறகு தூரத்திலிருந்து பிள்ளையைப் பார்ப்பது

சம்மத விவாகரத்து மனுவில் குழந்தையைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அப்பா குழந்தையை அழைத்துப் போகலாம் என்பதுபோல ஒரு வரி. அம்மா அம்பத்தூரிலும் அப்பா தாம்பரத்திலும் இருக்கும்வரை அந்த வரி ஓடிவிடும். ஒருநாள் அப்பாவுக்குப் புனேவுக்கு மாற்றல் வரும். அல்லது அம்மாவுக்குத் துபாயில் வேலை கிடைக்கும். உத்தரவு செல்லுபடியாகத்தான் இருக்கும். அதன்படி நடக்க மட்டும் ஒருவராலும் முடியாது.

அப்போது பல குடும்பங்கள் எதையும் எழுதிக்கொள்ளாமல், 'முடிகிறபோது வந்து பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுகின்றன. முதல் சில மாதம் ஒழுங்காக வருவார். பிறகு தீபாவளிக்கு வருவார். பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை என்று போன் வரும். வீட்டில் இருப்பவர் 'அவருக்கு அக்கறை இல்லை' என்பார். வெளியூரில் இருப்பவர் 'அவள் பேசவே விடுவதில்லை' என்பார். கேட்டால் இருவரும் தூரத்தைக் காரணம் சொல்வார்கள். தூரம் உண்மையான சிரமம்தான், மறுக்க முடியாது. ஆனால் பிள்ளையையும் பெற்றவரையும் பிரிப்பது பெரும்பாலும் தேதி போடாத ஏற்பாடுதான். ஒரே ஊருக்காக எழுதிய உத்தரவை, ஊர் மாறுவதற்கு முன்பே, தூரத்துக்கு ஏற்றபடி திருத்தி எழுதிக்கொண்டவர்களுக்கு இந்தச் சிக்கலில் பாதி குறைந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மேலே சொன்ன இரண்டு சனிக்கிழமை ஏற்பாட்டில் மாதத்துக்கு 14 மணி நேரம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 168 மணி நேரம். முழு நாட்களாக்கினால் ஏழே நாள். அதையும் மாலில், ஹோட்டலில், பூங்காவில் கழிக்க வேண்டும். அதற்குப் பதிலாக மே மாதத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் பிள்ளை அப்பா வீட்டில் இருந்தால், அதுவே இதைப்போல இரு மடங்கு. அதோடு, அந்த இரண்டு வாரத்தில் காலையில் பல் தேய்க்கச் சொல்வது, சாப்பாட்டுக்குச் சண்டை போடுவது, இரவு கதை சொல்வது எல்லாம் இருக்கும். வாரக் கணக்கை விடுமுறைக் கணக்காக மாற்றினால் தூரத்து ஏற்பாட்டில் நேரம் குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

உச்ச நீதிமன்றமும் இந்த வழியைத்தான் சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரியில் நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் அமர்வு ஒரு வழக்கைத் தீர்த்தது. அப்பா அமெரிக்காவில், அம்மா குழந்தையோடு ராஜஸ்தானில். பெற்றோர் ஒரே ஊரில் இருந்தால் வார இறுதிச் சந்திப்பு போதும் என்றும், தொலைவில் இருந்தால் அடிக்கடி பள்ளியை விட வைக்காமல் நீண்ட வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் சந்திப்பைக் கொடுக்க வேண்டும் என்றும், இரு கண்டங்களில் இருந்தால் முடிந்த அளவு அதிகமான நேரம் கொடுக்க முயல வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. பார்க்கும் உரிமையோடு தொடர்பு உரிமையும் உண்டு என்றும் சேர்த்தது: விசேஷக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் தினமும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் பிள்ளையோடு பேச உரிமை உண்டு, அதற்கு வீடியோ அழைப்பே சிறந்தது. வெளியூருக்குப் போகும் எந்தப் பெற்றோரும் தங்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான்.

உத்தரவை மாற்ற முடியுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 'கோர்ட்டில் முடிந்துபோன விஷயம்' என்று நினைக்கிறார்கள். சொத்து வழக்கில் அது சரி. குழந்தை விஷயத்தில் எந்த உத்தரவும் இறுதி இல்லை. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை, அவர்கள் நலனுக்குத் தேவைப்பட்டால் உத்தரவை மாற்றலாம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவும், விவாகரத்து முடிந்த பிறகும் குழந்தையின் பொறுப்பு, படிப்பு, பராமரிப்பு பற்றிய உத்தரவுகளை அவ்வப்போது மாற்ற இடம் தருகிறது. மாற்றல் உத்தரவு, வேலைக்கான கடிதம், புதிய ஊரின் வீட்டு முகவரி, பள்ளி விடுமுறைப் பட்டியல் ஆகியவற்றோடு குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போடலாம். இருவரும் ஒத்துக்கொண்டால் சமரச மையத்தில் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டை எழுதிக் கையெழுத்திட்டு, அதை நீதிமன்ற உத்தரவாக்கிக்கொள்ளலாம். வாட்ஸாப்பில் 'சரி' என்று வந்த பதில் நல்ல மனதுக்கு அடையாளம்தான். நாளை தகராறு வந்தால், உத்தரவாக நிறைவேற்றக் கேட்பதற்கு அது போதாது.

யார் ஊர் மாறுகிறார் என்பதைப் பொறுத்து விஷயம் வேறாகும். பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் போனால், போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சந்திப்பு ஏற்பாட்டை மட்டும் மாற்ற வேண்டும். பிள்ளையை வைத்திருப்பவர் பிள்ளையோடு கிளம்பினால் அது பெரிய விஷயம். 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நியமித்த காப்பாளர், விதிகள் சொல்லும் சில காரணங்கள் தவிர, அனுமதி இல்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உங்கள் உத்தரவு வேறு சட்டத்தின் கீழ் வந்ததாக இருந்தாலும், சொல்லாமல் கிளம்புவது ஆபத்து. இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா வந்து பூட்டிய கதவின் முன் நின்றால், அன்றே அம்மா உத்தரவை மீறியவர் ஆகிவிடுகிறார். அவருடைய காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அடுத்த விசாரணை அந்தக் கதவிலிருந்துதான் தொடங்கும்.

அனுமதி கேட்டுப் போனால் நீதிமன்றங்கள் கதவை மூடுவதில்லை. பெங்களூரில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குச் சிங்கப்பூருக்குப் பணி மாற்றம் வந்தபோது, பிள்ளையை அழைத்துப் போக 2020-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது; அப்பாவோடு வீடியோ அழைப்பும் விடுமுறைச் சந்திப்பும் தொடர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. விவாகரத்தான பெண் வேலைக்காகக்கூட ஊரை விட்டு நகரக் கூடாது என்று கட்டிப்போடுவது பிள்ளைக்கும் நன்மை செய்யாது. அம்மாவின் சம்பளத்தில்தான் பல பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது வேறு: போகும் காரணம் உண்மையா, அங்கே பள்ளியும் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டா, இன்னொரு பெற்றோரின் உறவு அறுந்துபோகாமல் இருக்க என்ன திட்டம், விவரம் தெரிந்த வயதானால் பிள்ளை என்ன சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கு விவரமான பதிலோடு வருபவரின் மனு வலுவாக நிற்கும்.

இனி அந்த விவரம். தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டில் இயல்பான இடைவெளிகள் நான்கு: செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல், பிறகு கோடை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நாட்கள் சற்று மாறும். 'விடுமுறையில் பாதி' என்று எழுதினால் எந்தப் பாதி என்று மே மாதம் சண்டை வரும். 'கோடை விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள் முதல் இருபது நாள்' என்று எழுதினால் வராது. ஒற்றைப்படை ஆண்டில் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம். இரட்டைப்படை ஆண்டில் மாறி என்று எழுதிக்கொள்ளலாம். பிள்ளையின் பிறந்தநாளை மறந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் பள்ளி நாளில்தான் வரும்.

தாத்தா பாட்டியை இந்த இடத்தில் சேர்க்க வேண்டும். அப்பா புனேயில் இருந்தாலும் அவருடைய பெற்றோர் திருச்சியிலோ மதுரையிலோ இருப்பார்கள். இருபது நாளும் புனே அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பத்து நாள் அங்கே, பத்து நாள் தாத்தா வீட்டில் என்று பிரித்தால் அப்பாவுக்கு அத்தனை நாள் லீவு வேண்டியதில்லை. பிள்ளைக்கும் அந்தப் பக்கத்துச் சொந்தம் அறுந்துபோகாது. ஆனால் அப்பா வராமலே பிள்ளையை நேராகத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு, அதைத் தன் சந்திப்புக் கணக்கில் எழுதக் கூடாது. பிள்ளை காத்திருப்பது அப்பாவுக்காக.

வயதைப் பார்க்காமல் போடும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மாவை விட்டு இருபது நாள் என்பது முடிவே தெரியாத காலம். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்த இயல்பை ஒட்டித்தான். அந்த வயதில் தூரத்தில் இருப்பவர்தான் பிள்ளை இருக்கும் ஊருக்கு வர வேண்டும். வந்து நான்கைந்து நாள் தங்கி, பகலில் பார்த்து, மாலையில் அம்மாவிடம் விட வேண்டும். ஆறு வயதுக்கு மேல் ஓரிரு இரவு, பிறகு ஒரு வாரம், பிறகு முழு விடுமுறை என்று நீட்டலாம். பதினான்கு, பதினைந்து வயதில் சிக்கல் வேறு: பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு, டியூஷன், நண்பர்கள். அந்த வயதுப் பிள்ளை 'இந்த மே வரவில்லை' என்றால் அது அம்மா சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பாக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அது வெறும் பத்தாம் வகுப்புதான். அந்த ஆண்டு அப்பா இரண்டு நீண்ட வார இறுதிகளில் ஊருக்கு வந்துபோவது நல்லது.

பயணச் செலவு யாருடையது என்பதை எழுதாமல் விட்டால், முதல் தகராறு அதில்தான் வரும். ஊர் மாறியவர் செலவை ஏற்பது ஒரு வழக்கம். வருமானத்துக்கு ஏற்பப் பகிர்வது இன்னொன்று. போகும்போது ஒருவர், திரும்பும்போது ஒருவர் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் இரண்டு பேரும் பிள்ளையைக் கொண்டுவிடும் பொறுப்பை ஏற்கிறார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாள்). ஆகவே தேதியை எழுபது நாளுக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதலாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் ரயிலில் முழுக் கட்டணம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விமானத்தில் தனியாக வரும் சிறுவரைப் பொறுப்பேற்று அழைத்துப்போகும் சேவையைச் சில நிறுவனங்கள் தருகின்றன. யாருடைய பெயரை எழுதிக் கொடுத்தீர்களோ அவரிடம்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். அந்தப் பெயர் யாருடையது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பது, பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவது, இரண்டும் தவறு. பணத்துக்கு வேறு மனு, சந்திப்புக்கு வேறு மனு. பள்ளிக் கட்டணமும் அப்பாவின் முகமும் பிள்ளைக்கு இரண்டுமே வேண்டும்.

தினசரி அழைப்பு கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் முதலில் முறிவது அதுதான். சென்னையில் இரவு ஏழு மணி என்றால் துபாயில் மாலை ஐந்தரை, சிங்கப்பூரில் ஒன்பதரை, லண்டனில் பருவத்தைப் பொறுத்துப் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை, நியூயார்க்கில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. துபாய் அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரம். நியூயார்க்கில் வேலை தொடங்கும் நேரம். எந்த நேரம் என்பதைப் பிள்ளையின் ஊர் நேரப்படி எழுத வேண்டும். லண்டனிலும் நியூயார்க்கிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும்போது பெரியவர்கள்தான் மாறிக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியில் என்பதும் முக்கியம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்புகள் பொதுவாக இயங்காது. அங்கே இருப்பவர்கள் போட்டிம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 'வாட்ஸாப்பில் பேசலாம்' என்ற உத்தரவோடு துபாய் போனவர் முதல் வாரத்திலேயே பிள்ளையைப் பார்க்க முடியாமல் நிற்பார்.

அழைப்பில் என்ன பேசுவது? 'சாப்டியா, படிச்சியா' என்று இரண்டு கேள்வியோடு முடியும் பேச்சு பிள்ளைக்குச் சலித்துவிடும். சின்னப் பிள்ளையோடு ஒரே கதைப் புத்தகத்தின் இரு பிரதிகளை வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படிக்கலாம். பெரிய பிள்ளையின் கணக்குப் பாடத்தை வாரத்தில் இரண்டு நாள் அப்பா பொறுப்பேற்கலாம். பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் வீடியோ வழியாகக் கலந்துகொள்ளவும், மதிப்பெண் பட்டியலையும் மருத்துவச் சீட்டுகளையும் நேரடியாகப் பெறவும் உத்தரவிலேயே இடம் கேட்கலாம். வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தூரத்தில் இருப்பவர் 'அம்மா யாரோடு பேசுகிறாள், வீட்டுக்கு யார் வந்தார்கள்' என்று பிள்ளையைத் துருவக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று நடந்தாலும் பிள்ளை அடுத்த வாரம் போனை எடுக்காது.

எல்லை தாண்டும்போதுதான் பயம் கூடுகிறது. அந்தப் பயம் நியாயமானது. குழந்தையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்ப 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வழி செய்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. இலங்கை 2001-லேயே சேர்ந்து, தனிச் சட்டமும் இயற்றியது. கனடாவிலோ பிரிட்டனிலோ வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டால் இருக்கும் வழி, சென்னைக்குக் கொண்டுவரப்பட்டால் இல்லை. இங்கே ஆட்கொணர்வு மனுதான், அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவை நம் நீதிமன்றம் ஒரு காரணியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிள்ளையின் நலனைத் தானே ஆராயும். 2017 முதல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி வருகிறது. இரண்டு பக்கமும் இதனால் பாதிக்கப்படுகிறார்கள்: விடுமுறைக்கு அனுப்பினால் பிள்ளை திரும்பாது என்று வெளிநாட்டில் இருப்பவரும் அஞ்சுகிறார், உள்ளூரில் இருப்பவரும் அஞ்சுகிறார்.

பயம் இருக்கும் இடத்தில் உறுதிகளை அடுக்க வேண்டும். பாஸ்போர்ட் யார் கையில் என்று முடிவு செய்வது, திரும்பும் டிக்கெட்டை முன்பே காட்டுவது, பிரமாணப் பத்திரம், பிணைத் தொகை. மைனருக்கு பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் இணைப்பு டி என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் இணைப்பு சி கொடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றத்திலும் இதே உத்தரவைப் பெற்றுவரச் சொல்வது இன்னொரு வழி. கண்ணாடி உத்தரவு என்பார்கள்.

இவ்வளவும் இருந்தும் தவறலாம். டெல்லியில் அம்மா, கென்யாவில் அப்பா. 2020-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் மகனை அப்பாவிடம் ஒப்படைத்தது. நைரோபி நீதிமன்றத்தில் கண்ணாடி உத்தரவு பெற வேண்டும், ஒரு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று நிபந்தனைகள். மகன் போன பிறகு, இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று அப்பா அங்கே வழக்குப் போட்டார். 2021-ல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2022-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. அதற்குள் பையன் கடல் தாண்டிவிட்டான். கட்டிய பணத்தின் அளவைவிட, அந்த நாட்டின் நீதிமன்றம் நம் உத்தரவை நடைமுறையில் ஏற்குமா என்பதையும், எதிரில் இருப்பவர் இதுவரை வாக்கைக் காப்பாற்றியவரா என்பதையும் நான் முதலில் பார்ப்பேன். ஒரு வாரத்துக்கு அழைத்துப்போய் சரியாகத் திரும்பக் கொண்டுவிட்டவரிடம் அடுத்த முறை மூன்று வாரம் அனுப்பலாம்.

அடி, உதை, மிரட்டல் இருந்த வீடுகளுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவு, சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று கருதினால் அதை மறுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அங்கே முகவரியைக்கூடச் சொல்லாமல் ஊர் மாறுவதே பாதுகாப்பாக இருக்கலாம். அதை வக்கீல் மூலம் நீதிமன்றத்துக்கு மட்டும் தெரிவித்துச் செய்ய வேண்டும்.

எல்லாம் எழுதிய பிறகும் ஒருவர் மறுத்தால்? தேதி வாரியாக ஒரு குறிப்பேடு வையுங்கள்: எப்போது அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது, எந்த டிக்கெட் வீணானது. நிறைவேற்றக் கோரும் மனுவுக்கும் அவமதிப்பு மனுவுக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் முதல் முறை தவறியதுமே அவமதிப்புக்குப் போக வேண்டாம். இழந்த நாட்களை அடுத்த விடுமுறையில் ஈடுசெய்யக் கேளுங்கள். ஈடுசெய்யும் நாட்களைப் பற்றிய வரி உத்தரவில் முன்பே இருந்தால் அதற்குத் தனி மனுகூட வேண்டாம். சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்பையும், பிள்ளை வளர்ப்பை இருவரும் எப்படிப் பகிர்வது என்று எழுதும் பெற்றோர் திட்டத்தையும் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. அதுவரை அந்தத் திட்டத்தை ஒவ்வொரு குடும்பமும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆண்டு நாட்காட்டி கையில் கிடைத்ததும் இருவரும் ஒரு மணி நேரம் ஒதுக்கி அடுத்த மே வரை தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த வயதானால், பிள்ளையிடமும் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம்.